சாலை ஒழுக்கம்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, நிலத்திற்கு வேலி கட்டியது போல நீண்டு கிடப்பது கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய இம்மலையைப் பெரிய கல்வராயன் என்றும் சின்னக் கல்வராயன் என்றும் இரு கூறாக வழங்குவர். கோமுகி ஆறும் மணிமுத்தாறும் இங்கே பிறந்து, கீழ்நாட்டு வயல்களை வளம் செய்கின்றன. கடுக்காயும் புளியும் தேனும் மலையின் செல்வங்கள். நெல்லும் கரும்பும் மக்காச்சோளமும் அடிவாரத்தின் செல்வங்கள். மலையையும் அடிவாரத்தையும் இணைத்து, ஒன்றின் செல்வத்தை மற்றொன்றுக்குக் கொண்டு சேர்ப்பது சாலை.

இச்சாலையின் அருமை மலைவாழ் மக்களுக்கு நன்கு தெரியும். ஜாகீர்தார்கள் எனப்பட்ட மலைத் தலைவர்களின் ஆட்சி 1976ஆம் ஆண்டு வரை இங்கே நிலவி வந்தது. நல்ல சாலைகள் அமையாத காலத்தில், விளைபொருளைத் தலையில் சுமந்து மக்கள் காட்டுப் பாதையில் இறங்கினர். நோயுற்றவரைத் தூளி கட்டித் தோளில் தூக்கிச் சென்றனர். இன்று கச்சிராயப்பாளையத்தைக் கடந்து மலையேறும் தார்ச்சாலை வெள்ளிமலையை அடைகிறது. 2019ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 26ஆம் நாள் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆயிற்று. ஆட்சியர் அலுவலகமும் பெரிய மருத்துவமனையும் கல்லூரியும் சந்தையும் நாடி, மலையிலிருந்து நாள்தோறும் பலர் கீழே வருகின்றனர். பேருந்து வரும் நேரத்திற்குக் காத்திராமல் அவர்களிற் பலரைச் சுமந்து வருவது மோட்டார் சைக்கிள். பால் கேனும் மரவள்ளி மூட்டையும் பள்ளிப் பிள்ளையும் அதன்மேல் ஏறி வருவதைக் காணலாம். ஏழைக் குடும்பம் ஒன்றுக்கு அது குதிரையும் ஆகும், வண்டியும் ஆகும்.

இத்துணைப் பயன் தரும் ஊர்தியே பல வீடுகளில் அழுகுரலுக்கும் காரணம் ஆகிறது. 2022ஆம் ஆண்டில் இந்திய நாட்டுச் சாலைகளில் நேர்ந்த விபத்துகளால் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 74,897 பேர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். அதாவது, இறந்தவர் நூற்றுவருள் ஏறத்தாழ நாற்பத்தைவர் இவ்வண்டியில் சென்றோர். அதே ஆண்டில் எண்ணிக்கையில் மிகுதியான விபத்துகள் நிகழ்ந்த மாநிலம் தமிழ்நாடே. இங்கே நிகழ்ந்தவை 64,105. உயிரிழந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு உண்டு; அவர் வருகைக்காக வாயிலில் நின்ற ஒருவர் உண்டு. இதனை எண்ணிப் பார்ப்பவர்க்கு, இவ்வண்டியை ஓட்டக் கற்பது விளையாட்டன்று என்பது புலனாகும்.

வண்டியை ஓட்டுவது வேறு. சாலையில் ஓட்டுவது வேறு. முதலாவது கைக்கும் காலுக்கும் உரிய பழக்கம். துடிப்புள்ள இளைஞன் ஒரு வாரத்தில் அதைக் கற்றுவிடுவான். இரண்டாவது மனத்திற்கு உரிய பழக்கம். அது வருவதற்கு நெடுநாள் ஆகும். கல்வராயன் மலையில் ஒரு சிற்றூரில் பிறந்த இளைஞன் ஒருவன், தன் தாய்மாமனிடம் இவ்விரண்டையும் கற்கத் தொடங்குகிறான் என்று கொள்க. அவன் கற்கும் முறையைப் பின்தொடர்ந்தால் சாலை விதிகளின் உட்பொருள் விளங்கும்.

முதலில் அவன் அறிய வேண்டுவது வயது வரம்பு. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, பதினெட்டு வயது நிரம்பியவரே மோட்டார் சைக்கிள் ஓட்டலாம். 50 கன சென்டிமீட்டருக்கு மேற்படாத சிறு எஞ்சின் பூட்டிய வண்டிக்கு மட்டும் பதினாறு வயது போதும். தந்தையின் வண்டியை எடுத்துக்கொண்டு பள்ளிச் சிறுவர் சாலைக்கு வருவதைச் சில ஊர்களில் திறமை எனப் பாராட்டுகின்றனர். சட்டம் அதனைக் குற்றம் என்கிறது. 2019ஆம் ஆண்டில் செய்த திருத்தத்தின்படி, சிறுவன் வண்டியோட்டிக் குற்றம் புரிந்தால் அவனுடைய பெற்றோரோ வண்டியின் உடைமையாளரோ பொறுப்பேற்க வேண்டும். மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் அவர்களுக்கு உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டு நீக்கப்படும். சிறுவனோ இருபத்தைந்து வயது ஆகும் வரை உரிமம் பெற இயலாது. ஒரு நாள் இன்பத்திற்காகப் பெற்றோரைச் சிறை வாயிலில் நிறுத்த எந்த மகனும் விரும்பான்.

வயது நிரம்பிய இளைஞன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பழகுநர் உரிமம் பெறுகிறான். அது ஆறு திங்கள் செல்லும். அதனைப் பெறுவதற்குச் சாலைக் குறிகளை அறிந்திருத்தல் வேண்டும். குறிகள் பலவாயினும் அவற்றின் வடிவங்கள் சிலவே. வட்டம் கட்டளை இடும்; முக்கோணம் எச்சரிக்கை தரும்; செவ்வகம் செய்தி சொல்லும். எழுத்தறியாதவரும் வேற்று மொழியினரும் தொலைவிலிருந்தே வடிவத்தைக் கண்டு பொருளை உணரலாம். ‘நில்’ என்னும் குறிக்கு மட்டும் எட்டு மூலைகள். ‘வழிவிடு’ என்னும் குறி தலைகீழ் முக்கோணம். பனியோ புழுதியோ எழுத்தை மறைத்தாலும், இவ்விரண்டையும் வடிவமே காட்டிக்கொடுக்கும். சாலையின் நடுவே தீட்டிய கோடும் பேசும். விட்டு விட்டுச் செல்லும் கோடு, ‘முன்னே வெளியிருந்தால் கடந்து செல்லலாம்’ என்று இசைவு தரும். இடையறாத கோடு, ‘இங்கே கடவாதே’ என்று தடுக்கும்.

பழகுநர் உரிமம் பெற்று முப்பது நாள் கழிந்தபின் தேர்வுக்குச் செல்லலாம். தமிழ்நாட்டில் இத்தேர்வை மக்கள் ‘எட்டுப் போடுதல்’ என்பர். தரையில் வரைந்த எட்டு என்னும் எண்ணின்மீது, கால் ஊன்றாமல் வண்டியைச் செலுத்திக் காட்டுதல் வேண்டும். மோட்டார் வாகன ஆய்வாளர் அருகில் நின்று பார்ப்பார். வேகமாகச் செல்வது எளிது. மெதுவாக, தடுமாறாமல், வளைந்து செல்வது அரிது. எட்டுப் போடும் தேர்வு அரியதையே கேட்கிறது. விரைவு எல்லாருக்கும் வரும். அடக்கமே பயிற்சியால் வருவது.

தேர்வுக்கு முன்னர் அவ்விளைஞன் ஊர்ப் புறத்துத் திடலில் பழகுகிறான். செல்வதற்கு முன்பே நிற்பதற்குக் கற்றுக் கொடுக்கிறார் மாமன். முன்சக்கரத்துப் பிரேக்கைத் தொடவே கூடாது என்னும் தவறான அச்சம் பலரிடம் உண்டு. வண்டி நிற்கத் தொடங்கும்போது சுமை முழுவதும் முன்னோக்கிச் சாய்கிறது. முன்சக்கரம் நிலத்தை இறுகப் பற்றுகிறது. பின்சக்கரத்தின் பிடி தளர்கிறது. ஆதலால் நிறுத்தும் ஆற்றலில் பெரும் பகுதி முன்சக்கரத்திடமே உள்ளது. இரண்டு பிரேக்குகளையும் ஒருங்கே, படிப்படியாக அழுத்துவதே முறை. திடீரென இறுக்கினால் சக்கரம் சுழலாமல் இழுபட்டு வண்டி சரியும். மணலும் ஈரமும் உதிர்ந்த இலையும் உள்ள இடத்தில் இன்னும் மென்மையாக அழுத்துதல் வேண்டும். இவற்றைத் திடலில் நூறு முறை செய்து பழகியவனுக்கே, இடர் வந்தபோது கை தானாக நல்ல வழியில் இயங்கும்.

திடலை விட்டுச் சாலைக்கு வந்ததும் முதல் விதி எதிர்ப்படுகிறது. அஃது இடப்புறம் செல்க என்பது. இந்தியாவில் இடப்புறம்; உலகின் பல நாடுகளில் வலப்புறம். இவற்றுள் எது சிறந்தது என்று கேட்டால், இரண்டும் ஒன்றே என்பதே விடை. சுவீடன் நாட்டில் நிகழ்ந்தது இதனை விளக்கும். அந்நாட்டார் நெடுங்காலம் இடப்புறமே சென்றனர். அண்டை நாட்டாரோ வலப்புறம் சென்றனர். ஆகவே 1967ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 3ஆம் நாள் விடியற்காலையில் சுவீடன் நாடு முழுவதும் வண்டிகள் நின்றன. கவனமாகச் சாலையின் மறுபுறத்திற்கு மாறின. ஐந்து மணி அடித்ததும் வலப்புறமாகச் செல்லத் தொடங்கின. பெருங்குழப்பம் நேரும் என்று அஞ்சியவர் பலர். ஆனால் அடுத்து வந்த சில காலம் விபத்துகள் குறைந்தன. ஒவ்வொருவரும், ‘எதிரே வருபவர் மறந்துவிட்டிருப்பாரோ’ என்று எண்ணி விழிப்புடன் சென்றதே காரணம். நாளடைவில் பழக்கம் வந்தது, விழிப்புத் தளர்ந்தது, விபத்துகளும் பழைய அளவை நெருங்கின. இடமாயினும் வலமாயினும், எல்லாரும் ஒன்றாக ஒப்புக்கொண்டு பிறரை எண்ணிச் செல்வதில்தான் விதியின் உயிர் இருக்கிறது.

அடிவாரத்துச் சாலைகளில் எண்ண வேண்டிய பிறர் பலர். கள்ளக்குறிச்சியைத் தொட்டுச் செல்லும் சேலம் - உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் பெரிய லாரிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயப்பாளையத்திலும் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளை நோக்கி, அறுவடைக் காலத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வரிசையாகச் செல்லும். அவற்றின் பக்கங்களில் கரும்பு நீட்டிக்கொண்டிருக்கும். பின்புறத்து விளக்கையும் சில வேளை அது மறைத்துவிடும். சிற்றூர்ச் சாலைகளில் உழவர் மக்காச்சோளத்தையும் கம்பையும் தார்மீது பரப்பிக் காயவைப்பர். தானிய மணியின்மேல் ஏறும் சக்கரம், உருளைக் கற்களின்மேல் ஏறியதற்கு ஒப்பாகும். காயவைத்தவர் குவித்துவைத்த கல் இருளில் வேறோர் இடர். இவை எந்தக் குறிப்பலகையிலும் எழுதப்படாதவை. ஓட்டுபவனே கண்ணால் படித்து அறிந்துகொள்ள வேண்டியவை.

இவ்விடர்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான மருந்து, வேகத்தைக் குறைத்தலே. இதனைக் கணக்கால் காணலாம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 8 மீட்டர் கடக்கிறது. கண் கண்டதைக் கை செய்யத் தொடங்குவதற்கு ஒரு நொடி ஆகும் என்று கொள்ளலாம். அதன்பின் உலர்ந்த நல்ல சாலையில், பிரேக் அழுத்தி நிறுத்த 6 மீட்டர் வேண்டும். ஆகமொத்தம் 14 மீட்டர். வேகம் 60 கிலோமீட்டராக இரட்டித்தால், அந்த ஒரு நொடியில் 17 மீட்டர் கழிகிறது. பிரேக் அழுத்தியபின் வேண்டும் தொலைவோ நான்கு மடங்காகி, 24 மீட்டர் ஆகிறது. ஆகமொத்தம் 41 மீட்டர். வேகம் இரு மடங்கானது. நிற்பதற்கு வேண்டிய இடமோ ஏறத்தாழ மூன்று மடங்காயிற்று. கரும்பு வண்டியின் மறைவிலிருந்து சாலையைக் கடக்க ஓடிவரும் குழந்தை 20 மீட்டர் தொலைவில் தோன்றினால், முதலாவது வண்டி குழந்தைக்கு முன்னே நிற்கும். இரண்டாவது வண்டி நில்லாது. ஓட்டுபவன் நல்லவனாயினும், கருணை உள்ளவனாயினும், அந்நேரத்தில் அவன் கருணைக்கு வேலை இல்லை. கருணை காட்டுவதற்குரிய நேரம், வேகத்தை முறுக்கும் முன்பே வந்து போய்விட்டது.

சமவெளியில் ஒருவாறு பழகிய இளைஞன், இனி மலைச்சாலையில் பழகுகிறான். அவன் பிறந்து வளர்ந்த சாலைதான். ஆயினும் வண்டியின் கைப்பிடியைப் பற்றியவனுக்கு அது புதிய சாலையாகத் தோன்றுகிறது. ஒருபுறம் பாறை, மறுபுறம் பள்ளம். கொண்டை ஊசி போல வளையும் இடங்களில், அடுத்துள்ள சாலை கண்ணுக்கே தெரிவதில்லை. மாமன் பின்னிருக்கையில் அமர்ந்து அறிவுரை கூறி வருகிறார். வளைவுக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்து, கியரை மாற்றி, இடப்புறம் ஒதுங்கி, ஒருமுறை ஒலி எழுப்பச் சொல்கிறார்.

“மாமா, இந்த நேரத்தில் இங்கே யார் வரப்போகிறார்கள்? ஒருவரும் இல்லையே!” என்கிறான் இளைஞன்.

“மாப்பிள்ளை, உன் கண்ணுக்கு ஒருவரும் இல்லை. வளைவுக்கு அந்தப் பக்கம் வருகிறவரும் இப்படித்தானே நினைத்துக்கொண்டு வருவார்? இருவரும் அப்படியே நினைத்தால் என்ன ஆகும்?” என்கிறார் மாமன்.

இளைஞன் மறுமொழி கூறவில்லை. அடுத்த வளைவில் அவனே ஒலி எழுப்பினான்.

மலைச்சாலைக்கென்றே வகுத்த விதி ஒன்று உண்டு. இரு வண்டிகள் ஒருங்கே செல்லப் போதிய அகலம் இல்லாத இடத்தில், மேலே ஏறும் வண்டிக்கே முன்னுரிமை. கீழே இறங்குபவர் ஓரமாக நின்று வழிவிடுதல் வேண்டும். காரணம் எளியது. ஏறும் வண்டி நின்றுவிட்டால் மறுபடியும் புறப்படுவது கடினம்; சுமை மிகுந்தால் பின்னோக்கி உருளவும் கூடும். இறங்கும் வண்டிக்கு அத்தொல்லை குறைவு. யாருக்கு இடர் மிகுதியோ அவருக்கு வழி முதலில். இறங்குபவர் மனம் இவ்விதிக்கு எளிதில் உடன்படாது. சரிவே அவரை முன்னே தள்ளிக்கொண்டிருக்கும். வீடோ சந்தையோ அவரை அழைத்துக்கொண்டிருக்கும். அவ்வேளையில் நின்று, மூச்சு வாங்க ஏறிவரும் ஒருவருக்கு இடம் தருவதே மலைச்சாலையின் ஒழுக்கம்.

இறங்குவதில் வேறொரு தீய பழக்கமும் உண்டு. பெட்ரோலைச் சேமிப்பதாக எண்ணி எஞ்சினை நிறுத்திவிட்டுச் சரிவில் உருண்டு வருவோர் சிலர். அப்போது வண்டியின் வேகத்தைத் தாங்கும் வேலை முழுவதும் பிரேக்கின்மீதே விழுகிறது. நெடுந்தொலைவு அழுத்திக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறிப் பிடி தளர்ந்துவிடும். எஞ்சினை ஓடவிட்டுத் தாழ்ந்த கியரில் இறங்கினால், எஞ்சினே வண்டியைப் பின்னிழுத்து வேகத்தை அடக்கும். எந்தக் கியரில் ஏற வேண்டியிருந்ததோ அந்தக் கியரிலேயே இறங்குக என்பது மலையோட்டிகளின் பழமையான அறிவு. சில துளி பெட்ரோலுக்கு உயிரை ஈடு வைத்தல் சிக்கனம் ஆகாது.

கண்ணுக்கு மறைந்தவர் எதிர்ப்படுதல் கல்வராயன் மலைக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் நடந்த ஒரு விபத்து இதற்குச் சான்று. முதல் உலகப் போரில் அரபு நாட்டுப் பாலைவனங்களில் போரிட்டுப் புகழ்பெற்ற டி. ஈ. லாரன்சு என்பவர் மோட்டார் சைக்கிளில் பேரார்வம் கொண்டவர், வல்லமையும் உடையவர். 1935ஆம் ஆண்டு மே 13ஆம் நாள், தம் வீட்டிற்கு அருகே நன்கு பழகிய சாலையில் வண்டி ஓட்டிச் சென்றார். சாலையின் ஒரு தாழ்வு, சைக்கிளில் சென்ற இரு சிறுவரை அவர் பார்வையினின்றும் மறைத்திருந்தது. அருகில் வந்ததும் அவர்களைக் கண்டு விலகினார். வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டார். தலையில் கவசம் இல்லை. ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து 19ஆம் நாள் உயிர் நீத்தார். பாலைவனத்துப் போரில் பிழைத்தவரை வீட்டருகே ஒரு சிறு பள்ளம் வீழ்த்தியது.

அவரைக் கண்ட மருத்துவருள் ஒருவர் ஹியூ கெய்ர்ன்சு. மூளை அறுவையில் தேர்ந்த அவர், படைப்பிரிவுகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் வீரர் பலர் தலைக்காயத்தால் இறப்பதை ஆராய்ந்தார். தலைக்கவசம் அணிந்தவரின் காயங்கள் கடுமை குறைந்திருப்பதை 1941ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். அவ்வாண்டிலேயே பிரிட்டிஷ் தரைப்படை தன் மோட்டார் சைக்கிள் வீரருக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயம் ஆக்கியது. ஒருவர் இறப்பு ஒரு மருத்துவரின் உள்ளத்தைத் தொட்டு, எண்ணற்றவரின் உயிர்க்காப்பாக மாறியது. உலகின் பல ஆய்வுகளைத் தொகுத்து 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவின்படி, தலைக்கவசம் இறப்பின் வாய்ப்பை நூற்றுக்கு 42 அளவும், தலைக்காயத்தின் வாய்ப்பை நூற்றுக்கு 69 அளவும் குறைக்கிறது.

தமிழ்நாட்டில் 2015ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் தொடங்கி, சென்னை உயர்நீதிமன்ற ஆணைப்படி, ஓட்டுபவரும் பின்னால் அமர்பவரும் தலைக்கவசம் அணிதல் வலியுறுத்தப்பட்டது. ஆயினும் 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் தலைக்கவசம் இன்றி இறந்தவர் 50,029 பேர். அவர்களுள் 14,337 பேர் பின்னால் அமர்ந்து சென்றவர்கள். கவசத்தைக் கையில் கோத்துக்கொண்டும் பெட்ரோல் தொட்டியின்மேல் வைத்துக்கொண்டும் செல்வோரைக் காணும்போது, அவர்கள் எதனைக் காக்க விரும்புகின்றனர் என்று வியப்பு எழும். கவசத்தின் உட்புறத்து நுரைப்பஞ்சு, மோதலின் விசையைத் தான் வாங்கி நசுங்குகிறது. அதனால் மூளை பிழைக்கிறது. மோவாய்க்குக் கீழுள்ள வாரைப் பூட்டாவிட்டால், கவசம் ஒருபுறமும் தலை ஒருபுறமும் போகும். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள கவசத்தை வாங்குதலும், ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தை மாற்றிவிடுதலும் அறிவுடைமை.

இருவர்க்கு மேல் ஏறாமை, மது அருந்தி ஓட்டாமை, ஓட்டும்போது கைப்பேசியில் பேசாமை, இரவில் எதிரே வருபவரின் கண் கூசாமல் முகப்பு விளக்கைத் தாழ்த்துதல் ஆகியவையும் சாலை ஒழுக்கத்தின் பகுதிகளே. இவற்றோடு, விபத்துக்கு ஆளானவரைக் கைவிடாமை என்னும் கடமையும் உண்டு. முன்பெல்லாம், உதவச் சென்றால் காவல் நிலையத்திற்கும் நீதிமன்றத்திற்கும் அலைய நேரும் என்று அஞ்சிப் பலர் விலகிச் சென்றனர். 2019ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம், நல்லெண்ணத்துடன் உதவுபவரை வழக்கினின்றும் காக்கிறது. தம் பெயரையும் முகவரியையும் கூறுமாறு அவரை வற்புறுத்தவும் கூடாது. 108 என்னும் எண்ணுக்கு அழைத்தால் ஊர்தி வரும். விபத்துக்கு உள்ளானவர்க்கு முதல் 48 மணி நேரத்திற்கு வரம்புக்குட்பட்ட கட்டணமில்லாச் சிகிச்சை அளிக்கும் திட்டம் ஒன்றையும் தமிழ்நாடு அரசு 2021ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கியது. மலையடிவாரத்தில் கீழே விழுந்து கிடப்பவர்க்கு முதலில் வேண்டுவது, நின்று உதவும் ஒரு வழிப்போக்கர்.

சாலை விதிகளைக் காவலருக்கு அஞ்சிக் கைக்கொள்வோர் உலகில் பலர். நகரத்து நாற்சந்தியில் காவலரைக் கண்டதும் கவசத்தை எடுத்துத் தலையில் வைப்பார்கள். அவர் மறைந்ததும் கழற்றுவார்கள். கல்வராயன் மலையின் வளைவுகள்தோறும் காவலர் நிற்பதில்லை. இறங்குபவர் வழிவிட்டாரா என்று எழுதி வைப்பார் அங்கே இல்லை. ஒருவன் உண்மையிலேயே விதியைக் கற்றானா, அபராதத்தை மட்டும் கற்றானா என்பது அங்கேதான் தெரியும். சாலையை உடன் பயன்படுத்துவோரிற் பெரும்பாலோர் ஒருவரையொருவர் அறியார்; பெயர் கேளார்; மறுமுறை காணவும் மாட்டார். ஆயினும் ஒவ்வொருவரும் தம் உயிரை மற்றவர் கையில் ஒப்படைத்துச் செல்கின்றனர். எதிரே வருபவர் இடப்புறமே வருவார் என்னும் நம்பிக்கை ஒன்றே இருவரையும் வீடு சேர்க்கிறது.

இவற்றைக் கற்றுத் தேர்ந்த அம்மலை இளைஞன், ஒரு மாலையில் கடுக்காய் மூட்டையுடன் மலையிறங்குகிறான். சாலை குறுகிய ஓரிடத்தில், கீழிருந்து ஏறிவரும் எஞ்சினின் முனகல் கேட்கிறது. வண்டியைப் பாறை ஓரமாக ஒதுக்கி நிற்கிறான். பின்னிருக்கையில் மனைவியையும் மடியில் மளிகைப் பையையும் வைத்துக்கொண்டு ஒருவர் மெல்ல ஏறி வருகிறார். கடக்கும்போது தலையசைத்துச் செல்கிறார். அவ்வெஞ்சின் ஒலி அடுத்த வளைவில் தேய்ந்து மறைகிறது. இளைஞன் தாழ்ந்த கியரில் வண்டியைச் செலுத்தி இறங்குகிறான். இருட்டும் முன் அவரும் வீடு சேர்வார். அவனும் சந்தை சேர்வான். சாலை ஒழுக்கத்தால் விளையும் பயன் இதுவே.